பன்மையில் ஓர் அம்மா

பேச வாயெடுக்கும் முன் அக்கா இடது காதுக்குக் கீழே ஆட்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். பார்ப்பவர்களுக்குத் தோட்டைச் சரிசெய்துகொள்வதுபோலத் தெரியும். தோடு இல்லை. வேலை நேரத்தில் அவள் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால் அவள் குரல் எதிர்முனைக்குப் போகும். மறுமுறை அழுத்தினால் போகாது. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் விரல் மட்டும் வேலையை விடவில்லை. காய்கறிக்காரரிடம் விலை கேட்கும் முன் ஒரு தட்டு. மாடிப்படியில் எதிரே வருபவரிடம் "சௌக்கியமா" என்னும் முன் ஒரு தட்டு.

"உங்க அக்காவுக்கு ஸ்விட்ச் இருக்குன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்ல," என்பார் அத்தான். "இத்தனை வருஷம் ஆஃப் பண்ணத் தெரியாம கஷ்டப்பட்டிருக்கேன்."

"ஆஃப்ல இருந்ததாலதான் குடும்பமே ஓடுச்சு," என்பாள் அக்கா. அதற்கும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான்.

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டாலும் அவருக்குப் போன் வரும். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் பாடப்புத்தகம் அடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையும் ஒரு மடக்குக் கட்டிலும் எனக்கு. அக்கா, வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுப்பவள். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மிக்ஸி. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் அன்றைய கதைகளைச் சொல்வாள்.

"இன்னிக்கு ஒருத்தர், மெஷின் துணி திங்குதுங்கறார். சரி சார், என்ன துணின்னு கேட்டேன். எப்பவும் இடது கால் சாக்ஸ் மட்டும்தான் மேடம், வலது காலைத் தொடவே மாட்டேங்குதுங்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"பதிவு பண்ணிக்கிறேன் சார்னேன். பதிவும் பண்ணிட்டேன்."

வேலையில் சேர்ந்த வாரம் அவர்கள் கொடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். எந்தச் சமயத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அச்சடித்த தாள். "இந்தத் தமிழை வாயில வச்சா கல்லு கடிக்குதுடா. சரி பண்ணிக் குடு," என்றாள். தேநீர் ஆறுவதற்குள் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் திருத்துகிறவனுக்கு எதுவும் மனத்தில் தங்காது. தங்கினால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை உள்ளறைக் கதவு மூடியிருக்கும். கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள சந்தில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டித் திணித்திருப்பாள். எதிர்முனைக்கு வீட்டுச் சத்தம் போகக் கூடாது. குக்கர் விசில், கதவு மணி, குழந்தை அழுகை எது கேட்டாலும் மதிப்பெண் குறையும். எல்லா அழைப்பும் பதிவாகும். இன்ன அழைப்பு இத்தனை நிமிடம் இத்தனை விநாடி என்று மாதக் கடைசியில் தாள் வரும்.

அவள் மகனுக்கு அப்போது ஒன்றே கால் வயது. முதலில் எதிர்வீட்டுப் பெண் பகலில் பார்த்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து போய்விட்டாள். குழந்தைக் காப்பகம் இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம். அக்கா நாற்காலிகளை மூலைக்கு நகர்த்தினாள். கூர்முனைகளில் துணி சுற்றினாள். வாசல் கதவுக்கு மேல்தாழ் போட்டாள். சுவரோரம் தண்ணீர்ச் செம்பை வைத்து, அதில் பழைய செல்போனைச் சாய்த்தாள். "ஒரு கால் முடியற வரைக்கும்தான்," என்றாள். ஓர் அழைப்பு பத்து நிமிடம். ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு. இடைவேளைகளில் ஓடிவந்து சோறூட்டுவாள், துடைப்பாள், மாற்றுவாள், முத்தம் கொடுத்துவிட்டு ஓடுவாள்.

போனில் ஒரு மஞ்சள் முயல் வரும். தொப்பி போட்டிருக்கும். "வணக்கம் நண்பர்களே. சிவப்புப் பந்து எங்கே இருக்கிறது?" என்று கேட்கும். மூன்று விநாடி கண்ணை விரித்துக்கொண்டு நம்மைப் பார்க்கும். பிறகு, "அருமை. சரியாகச் சொன்னீர்கள்," என்று குதிக்கும். நாம் சொன்னோமா, தூங்கினோமா, செத்தோமா என்று அதற்குத் தெரியாது.

இரண்டு வயது தாண்டியும் பையன் பேசவில்லை. "ஆம்பளப் பிள்ளைங்க மெதுவாத்தான் பேசும், இவனோட அப்பனே மூணு வயசுலதான் வாயத் திறந்தான்," என்று அத்தானின் அம்மா போனில் சொன்னார். "திறந்தவன் மூடினானா பாரு," என்றாள் அக்கா. சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். இரண்டரை வயதில் ஒருநாள் காலை, செம்பைக் காட்டி அவன் சொன்னான்:

"எனக்குத் தண்ணீர் வேண்டும், நண்பர்களே."

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நுரையோடு வந்து நின்றேன். வாரம் முழுக்க ஆசிரியர்களின் தாள்களில் விட்டுப்போன ஒற்றைப் போட்டே கண் போகிறது எனக்கு. இவன் வாயில் ஒற்று தானாக விழுந்தது. எனக்குத் தண்ணீர். அந்த 'த்' அவ்வளவு சுத்தமாகக் கேட்டது.

அன்றிலிருந்து அவனுக்குப் புலவர் என்று பெயராகிவிட்டது. மாடி வீட்டு அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு விருந்தாளிகள் முன் நிறுத்துவார். "புலவரே, ஏதாச்சும் சொல்லுங்க." அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மழை எங்கே போகிறது?" என்பான். மூன்று விநாடி. "அருமை. சரியாகச் சொன்னீர்கள்." கூடம் முழுக்கச் சிரிப்பு. அத்தான் லிஃப்டுக்குள் மாட்டியவர்களிடம்கூடச் சொன்னாராம்: "பயப்படாதீங்க சார், பத்து நிமிஷத்துல திறந்துடுவேன். எங்க வீட்டுல ஒரு பிள்ளை, இலக்கணம் தவறாம பேசுறான், கேளுங்க."

நான் இன்னும் மோசம். அப்போது நவீன கவிதைத் தொகுப்புகளாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். பேருந்தில், அச்சகத்தில், சாப்பாட்டு இடைவேளையில். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். இவன் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். 'இருட்டுக்குள் யார் இருக்கிறார்கள்? இருட்டுதான் இருக்கிறது.' 'இன்று எல்லோரும் வட்டமாக இருக்கிறோம்.' தேதி போட்டு, வரி உடைத்து எழுதினேன். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நல்லாயிருக்குடா," என்றாள். பிறகு, "என்னை மட்டும் அம்மான்னு கூப்பிட மாட்டேங்கறான் பாரு."

"நண்பர்களேன்னு கூப்பிடுறானே."

"பெத்தவ ஒருத்திதான். பன்மையில கூப்பிடுறான்."

"மரியாதை தெரிஞ்ச பிள்ளை," என்றார் அத்தான்.

அக்கா சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஒன்று செய்ய ஆரம்பித்ததைக் கவனித்தேன். இடைவேளையில் கதவைத் திறந்து வெளியே வந்ததும் நேராக அவனிடம் போகாமல், கதவருகிலேயே நிற்பாள். அவன் திரும்பி என்ன சொல்கிறான் என்று பார்ப்பதற்கு. அவன் திரும்ப மாட்டான். முயல் பந்து எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, காதுக்குக் கீழே தட்டி, "டேய் கண்ணா," என்பாள்.

அவனுக்கு மூன்றே கால் வயதாகும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நடந்தது இது. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் அதை ஒரே ஒருமுறைதான் சொன்னாள்.

கூடத்தில் ஒரு மடக்கு நாற்காலி சுவரில் சாய்ந்திருந்தது. அதை அவன் எப்படியோ இழுத்துச் சாய்த்திருக்கிறான். மடங்கும் இடத்தில் வலது கை மோதிர விரல் அகப்பட்டுக்கொண்டது. உள்ளே அக்கா ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவருக்குக் காது மந்தம். எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வெளியே, கதவுக்கு அப்பால், குரல் கேட்டது.

"நண்பர்களே, எனக்கு உதவி தேவை. யாராவது வருகிறீர்களா?"

கொஞ்சம் இடைவெளி. பிறகு, "மிக்க நன்றி நண்பர்களே."

திரும்பவும், "எனக்கு உதவி தேவை."

"முயல்னு நினைச்சேன்டா," என்றாள் அக்கா. "சவுண்டு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துச்சு. இந்தக் கால் முடிஞ்சதும் போய்க் குறைச்சு வைக்கணும்னு நினைச்சேன்."

அழைப்பு பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. முடித்துவிட்டு, குறைத்து வைக்கத்தான் வெளியே வந்தாள். செல்போன் கவிழ்ந்து கிடந்தது. திரை அணைந்திருந்தது. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னமெல்லாம் நனைந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அழுகையை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கூப்பிடுவதைத்தான் முயல் சொல்லிக்கொடுத்திருந்தது. அது சொல்லிக்கொடுத்த குரலிலேயே கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்டதும் மூன்று விநாடியில் வந்துவிடுவார்கள் என்று நன்றியும் சொல்லியிருக்கிறான்.

நான் அச்சகத்திலிருந்து மருத்துவமனைக்கு ஓடியபோது கட்டுப் போட்டாகிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. நகம் போய்விட்டது, வளரும், ஆனால் கோணலாக வளரலாம் என்றார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் அவன். வாசலில் அகப்பட்ட செருப்போடு வந்திருந்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று அத்தானுடையது. பேசவில்லை. அழவும் இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். கட்டில்லாத கையைத் தூக்கித் தன் இடது காதுக்குக் கீழே ஒருமுறை தொட்டான்.

"நான் இங்கேதான் இருக்கிறேன்," என்றான். "சொல்லுங்கள்."

அக்காவின் உடம்பு அப்படியே நின்றுபோனதைப் பார்த்தேன். பிறகு அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

அன்றும் வீட்டுக்கு வந்து அதை நோட்டில் எழுதினேன். எழுதியது சொற்களை மட்டும். கையை எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்காவுக்கு மதிப்பெண் தாள் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அழைப்புக்கு எதிரே எழுதியிருந்தது: 'பின்னணியில் குழந்தைகளுக்கான வீடியோ சத்தம். இரண்டு மதிப்பெண் குறைப்பு.' எங்கோ ஓர் அலுவலகத்தில் அந்தப் பதிவைக் கேட்டவருக்கும் அது முயலாகத்தான் இருந்திருக்கிறது. மதிப்பெண் பற்றிச் சந்தேகம் இருந்தால் பதிவைக் கேட்டுக்கொள்ளலாம் என்று கீழே இருந்தது.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்."

மறுநாள் காலை அவள் விடுப்புச் சொல்லிவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு, அதே மருத்துவமனையின் பின்கட்டடத்தில் இருந்த பேச்சுப் பயிற்சி அறைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். "உன் நோட்டை எடுத்துக்க," என்றாள்.

பயிற்சி தருபவர் நடுத்தர வயதுப் பெண். அறையில் மரக்கட்டைகள், ஒரு வாளி, இரண்டு பந்து. அவ்வளவுதான். அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு பந்தைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "பந்து எங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மூன்று விநாடி ஆனதும் அவன், "அருமை. சரியாகச் சொன்னீர்கள்," என்றான்.

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டவில்லை. இருந்தார். ஒரு நிமிடம் இருந்திருக்கும். அவன் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். ஏதோ பழுதாகி நின்றுவிட்ட பொருளைப் பார்ப்பதுபோல. பிறகு எழுந்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான்.

"காத்துக்கிட்டிருக்கிறதுதான் என் வேலை," என்றார் அவர் எங்களிடம். "உங்களை என்னன்னு கூப்பிடுறான்?"

அக்கா காதுக்குக் கீழே தட்டினாள். "நண்பர்களேன்னு," என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்பது என்னவோ போலிருந்தது.

"போன் எவ்வளவு நேரம் பார்க்கிறான்?"

"நான் வேலை செய்யற நேரம்."

"அது எவ்வளவு?"

அக்கா சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போனாலதான் இப்படின்னு நான் சொல்லிட மாட்டேன்," என்றார். "ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மாதிரி. ஆனா பேச்சுங்கறது வார்த்தை இல்லீங்க. நான் ஒண்ணு சொன்னா நீங்க மாறணும், நீங்க ஒண்ணு சொன்னா நான் மாறணும். அது இவனுக்கு நடக்கல. இவன் என்ன சொன்னாலும் அது பாட்டுக்கு அடுத்ததுக்குப் போயிடுச்சு. இவனும் அப்படியே கத்துக்கிட்டான்."

நான் நோட்டை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். "இது யார் எழுதினது, கவிதை மாதிரி?"

"அவன் சொன்னதுதான்," என்றேன்.

அவர் ஒரு வேலை கொடுத்தார். அவன் பேசும் வாக்கியங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். பக்கத்தில், அது எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். "எது கேட்டது, எது அவனோடதுன்னு தெரிஞ்சா, அவனோடதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

அந்த வாரம் நானும் அக்காவும் விடுப்பு எடுத்துக்கொண்டு முயலின் வீடியோக்கள் முழுவதையும் பார்த்தோம். பையன் தூங்கும் மதிய நேரத்தில், சத்தத்தைக் குறைத்து, ஆளுக்கொரு பேனாவோடு. மழை எங்கே போகிறது, பதினான்காவது வீடியோ. இருட்டுக்குள் யார், இருபத்திரண்டாவது. இன்று எல்லோரும் வட்டமாக இருக்கிறோம் என்பது வடிவங்கள் பற்றிய பாடம். அடுத்த வீடியோவில் எல்லோரும் சதுரமாக இருந்தார்கள். என் நோட்டு ஒவ்வொரு வரியாகக் காலியாகிக்கொண்டே வந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று. ஒரு குழந்தை எங்களிடம் எதுவுமே சொல்லாமல் இருந்ததை, நான் அழகாக வரி உடைத்து எழுதிவைத்திருக்கிறேன்.

அறுபத்தோரு வாக்கியம். அறுபதுக்கு இடம் கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

"நான் இங்கேதான் இருக்கிறேன். சொல்லுங்கள். இது எதுலயும் வரலக்கா," என்றேன். "இது அவனோடதுதான்."

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அந்த வரிக்கு எதிரே, 'தெரியவில்லை' என்று எழுதினாள்.

"அவனோடதுன்னு எழுதேன்."

"தெரியாததைத் தெரிஞ்சதா எழுதக் கூடாதுடா," என்றாள்.

அடுத்த முறை போனபோது தாளை வாங்கிப் படித்த பயிற்சி தருபவர், அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எப்போ சொன்னான்?" நான் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அம்மா வாடியிருந்தப்போ அம்மாவைப் பார்த்துச் சொல்லியிருக்கான். எங்கிருந்து வேணா வந்திருக்கட்டும். சரியான இடத்துல சொல்லியிருக்கான். இது போதும் ஆரம்பிக்க." அதைக் கேட்டு எனக்கு ஒரு பெருமை. அக்கா தலையைக் குனிந்து, பையனின் விரல் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அதன்பிறகு பழைய போன் அலமாரிக்கு மேல் போயிற்று. முதல் பத்து நாள் அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். செம்புக்கு முன்னால் படுத்துக்கொண்டு உருண்டான். செம்பைத் தூக்கி எறிந்தான். மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து, "என்னம்மா, புலவர் பாட்டை நிறுத்திட்டு கூத்தை ஆரம்பிச்சிட்டாரா?" என்றார். அக்கா நிறுவனத்திடம் கெஞ்சிப் பாதி நாள் வேலைக்கு மாறினாள். அவள் வேலை செய்யும் நேரத்தில் நானோ அத்தானோ வீட்டில் இருப்பதுபோல எங்கள் நேரங்களை வளைத்துக்கொண்டோம். மாடி வீட்டு அம்மா வாரத்தில் இரண்டு நாள் தானாகவே வந்து உட்கார்ந்தார். வாய் ஓயாதவர், அதுவே மருந்து என்றார் பயிற்சி தருபவர். கதவுக்கு அடியில் இருந்த துண்டை அக்கா எடுத்துவிட்டாள். கதவையும் பாதிதான் மூடினாள். மதிப்பெண் போனால் போகட்டும் என்றாள்.

சாயங்காலங்களில் தரையில் உட்கார்ந்து அவனிடம் ஏதாவது கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். காது பக்கம் போகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். நிமிடத்துக்கு நிமிடம் கணக்குக் காட்டிப் பழகியவளுக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அருகில் இருந்து பார்த்தேன். சில நாள் பதில் வந்தது. பல நாள் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள். நான் கூடத்தில் மெய்ப்புத் தாள்களோடு இருந்தேன். அவன் கையில் காலி டம்ளரோடு எழுந்து, பாதி திறந்த கதவுக்குள் போய் நின்றான். அக்கா ஹெட்போனோடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"ம்மா," என்றான். "தண்ணி."

ஒற்று இல்லை. வேண்டும் இல்லை. நண்பர்கள் இல்லை.

அக்காவின் விரல் காதுக்குக் கீழே போனது. இந்த முறை பொத்தான் அங்கே இருந்தது. அழுத்தினாள். எழுந்து வந்து, டம்ளரை வாங்கி, தண்ணீர் பிடித்துக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த மாதத் தாளில், 'வாடிக்கையாளரைக் காக்கவைத்து ஐம்பது விநாடி அமைதி' என்று இருந்தது. அதைக் கத்தரித்து அத்தான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். தாள் ஒட்டிய அன்று சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது அக்கா சொன்னாள்:

"பதினாலு மாசத்துல சொல்லிக்கிட்டிருந்தான்டா. ம்மான்னு. நான் வேலையில சேர்றதுக்கு முன்னாடி."

"ஞாபகமிருக்கு."

"எந்த நாள்ல நிறுத்தினான்னு தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். நான் பேசின ஒவ்வொரு காலும் எத்தனை நிமிஷம்னு கணக்கு இருக்கு. இதுக்கு இல்ல." கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடியின் ஓரத்துக்குத் தள்ளினாள். "கடைசியா அவன் கூப்பிட்டப்போ நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

நான் துணிகளைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வகுப்பில் மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகப் பேசுகிறான். புதியவர்கள் முன்னால் பயந்துவிட்டால் முயலின் தமிழ் வந்துவிடுகிறது. மோதிர விரல் நகம் கோணலாகத்தான் வளர்ந்திருக்கிறது. அக்கா அதை வெட்டும்போது மட்டும் வீட்டில் யாரும் அவளிடம் பேசுவதில்லை.

போன மாதம் வீடு மாற்றினோம். உள்ளறை மேசை இழுப்பறையைக் காலி செய்யும் வேலை எனக்கு. அடியில் ஒரு கோப்பு. அதில் அந்த அறுபத்தோரு வாக்கியத் தாளின் நகல், அக்காவின் கையெழுத்தில். அதன் பின்னால் இன்னொரு தாள், இரண்டையும் ஒரே குண்டூசி பிடித்திருந்தது. பின்னால் இருந்தது, வேலையில் சேர்ந்த வாரம் அவள் கொண்டுவந்த தாள். 'பேசும் முன் ஒலிவாங்கி திறந்துள்ளதா எனத் தொட்டுப் பார்க்கவும்' என்று தொடங்கியது. ஏழாவது வரியில், 'எதிர்முனையில் பத்து விநாடிக்கு மேல் பேச்சு இல்லையெனில் கூற வேண்டியது' என்று இருந்தது. அதற்கு எதிரே 'நான் லைனில் உள்ளேன் கூறவும்' என்று அச்சடித்திருந்ததைச் சிவப்புப் பேனா அடித்திருந்தது. அடித்ததற்கு மேலே, என் கையெழுத்தில், 'நான் இங்கேதான் இருக்கிறேன். சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தது.